நடுகல் மரபும் தலைநகரின் நினைவுத் தோட்டமும்

தோட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழகத்துத் தமிழர் உள்ளத்தில் பூவும் காயும் பசுமையும் தோன்றக்கூடும். மலேசியத் தமிழர் உள்ளத்தில் தோன்றுவது வேறு. நிரை நிரையாக நிற்கும் இரப்பர் மரங்களும், விடியுமுன் கூடும் பெரட்டுக் களமும், லயத்து வீடுகளும், ஒரு மாரியம்மன் கோயிலும், ஒரு தமிழ்ப்பள்ளியுமே நமக்குத் தோட்டம். அது நாம் உழைத்த இடம். கண்டு களிப்பதற்காக அமைத்த இடமன்று.

இவ்விருவகைத் தோட்டங்களுக்கும் அப்பால் மூன்றாம் வகையொன்று உண்டு. மரமும் நீரும் கல்லும் ஒரு கருத்தை உணர்த்துமாறு நிறுத்தி வைக்கப்பெற்ற தோட்டம் அது. அங்கே குளம் வெறுங்குளமன்று. படிக்கட்டு வெறும் படிக்கட்டன்று. காண்போர் அவற்றை ஒரு நூலைப் படிப்பது போலப் படித்தல் வேண்டும். கோலாலம்பூரின் மேற்குப் புறத்துக் குன்றில், தேசிய நினைவுச் சின்னமாகிய துகு நெகாராவைச் சூழ்ந்துள்ள தோட்டம் அத்தகையது. நிலத்தை முதல், கரு, உரி எனப் பகுத்துப் பொருள் கண்ட இலக்கண மரபில் வந்த நாம் அதைப் படிக்கத் தவறலாகாது. படித்தால், அத்தோட்டத்தில் எழுதப்பட்டிருப்பது இன்னது என்று விளங்கும். எழுதப்படாது விடுபட்டது இன்னது என்றும் விளங்கும். இரண்டையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிரிக்பீல்ட்சிலிருந்து ஒரு நடை

அத்தோட்டத்திற்குச் செல்லும் தமிழர் பிரிக்பீல்ட்சிலிருந்து புறப்படுவதே பொருத்தமாகும். 1880களில் கோலாலம்பூர் நகரம் மரமும் அத்தாப்புக் கீற்றும் நீங்கிச் செங்கல்லால் புதுக்கிக் கட்டப்பட்டபோது, அதற்குரிய செங்கற் சூளைகள் இப்பகுதியில் எரிந்தன. ஊர்ப்பெயரே அதற்குச் சான்று. 1886ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையையும் இணைத்த இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன் பின்னர் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியரின் குடியிருப்பாக வளர்ந்தது. தண்டவாளம் இட்டவரும் அதைப் பழுது பார்த்தவரும் தமிழகத்துத் தொழிலாளர். எழுத்தராகவும் நிலைய அதிபராகவும் அமர்ந்தோருள் பலர் யாழ்ப்பாணத்துத் தமிழர். இருப்புப்பாதையோடு நம் வாழ்வு பிணைந்த கதை இங்கே தொடங்குகிறது. அக்கதையின் கொடிய இயல் ஒன்று பின்னர் வரும். வாசகர் நினைவிற் கொள்க.

பிரிக்பீல்ட்சைக் கடந்து வடக்கே சென்றால் தேசிய அருங்காட்சியகம். 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் திறக்கப்பெற்ற இக்கட்டடம் நிற்கும் இடத்தில் முன்பு சிலாங்கூர் அருங்காட்சியகம் இருந்தது. 1945ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நேசநாட்டு விமானங்கள் வீசிய குண்டுகளால் அது சிதைந்தது. போரின் வடு நகரின் நடுவிலேயே இருந்தது என்பதை இளையோர் பலர் அறியார். அருங்காட்சியகத்தின் பின்புறத்தே ஏரிப் பூங்கா விரிகிறது.

பெயர் மாறிய ஏரி

ஏரிப் பூங்காவும் தானாகத் தோன்றிய இயற்கைக் காட்சியன்று. 1888ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலப் பொருளாளராக இருந்த ஆல்பிரட் வென்னிங் என்பவர், நகரின் மேற்கில் ஒரு தாவரத் தோட்டம் அமைக்கலாம் என்று பிரிட்டிஷ் ரெசிடெண்டு பிராங்க் சுவெட்டன்ஹாமிடம் கருத்துரைத்தார். 173 ஏக்கர் பரப்புள்ள பள்ளத்தாக்கு தெரிந்தெடுக்கப்பட்டது. லாலாங் புல்லும் உண்ணிச் செடியும் மண்டிக் கிடந்த நிலம் வெட்டித் திருத்தப்பட்டது. பிராஸ் பிராஸ் என்னும் சிற்றாற்றின் குறுக்கே அணையிட்டு ஏரியொன்றைத் தேக்கினர். சுவெட்டன்ஹாமின் மனைவியார் பெயரால் அதற்குச் 'சிட்னி ஏரி' என்று பெயர் சூட்டினர். 1889ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் ஆளுநர் சர் சிசில் கிளமெண்டி சுமித் பூங்காவைத் திறந்து வைத்தார். சில ஆண்டுகள் கழித்து, ஏரியை நோக்கிய குன்றின்மேல் சுவெட்டன்ஹாமின் மாளிகையான கார்கோசா எழுந்தது.

மேட்டில் ஆள்வோர் மாளிகை, தாழ்வில் அடக்கப்பட்ட நீர், சுற்றிலும் ஒழுங்குபடுத்தப்பட்ட மரங்கள்: இவ்வமைப்பே ஒரு செய்தி அன்றோ? காடாகக் கிடந்த நாட்டை நாங்கள் ஒழுங்கு செய்தோம் என்பது அச்செய்தி. வரலாற்று நூல்கள் வென்னிங்கின் பெயரைச் சொல்லுகின்றன. நூறு சீன ஆரஞ்சுக் கன்றுகளை நன்கொடையாக அளித்த வணிகர் சௌ ஆ இயோக்கின் பெயரையும் சொல்லுகின்றன. மண்வெட்டி பிடித்தவர் பெயரைச் சொல்வதில்லை.

நாடு விடுதலை பெற்றபின் தோட்டத்தின் பொருளும் மாறலாயிற்று. 1975ஆம் ஆண்டு, துன் அப்துல் ரசாக் பிரதமராயிருந்த காலத்தில், பூங்கா 'தாமான் தாசேக் பெர்டானா' எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2011ஆம் ஆண்டு முதல் அது பெர்டானா தாவரவியல் பூங்கா என வழங்குகிறது. ஒரு மங்கையின் பெயர் தாங்கிய ஏரி, ஒரு நாட்டின் தலைமையைக் குறிக்கும் ஏரியாயிற்று. நீர் மாறவில்லை, அந்நீரை நாம் படிக்கும் முறை மாறியது.

குன்றின்மேல் ஒரு குறியீடு

ஏரியைச் சுற்றி வடக்கே ஏறினால் துகு நெகாரா அமைந்த குன்று வரும். அடிவாரத்தில் ஆசியான் நாடுகளின் சிற்பப் பூங்கா உள்ளது. அதனைக் கடந்து மேலே சென்றால் முதலிற் காண்பது பழைய போர் நினைவுத் தூண். முதல் உலகப் போரில் மாண்டோர்க்காக ஆங்கிலேயர் கோலாலம்பூர் இரயில் நிலையத்தருகே எழுப்பிய தூண் இது. 1964ஆம் ஆண்டில் இக்குன்றுக்கு இடம் பெயர்த்து நாட்டப்பட்டது. முதல் உலகப் போர், இரண்டாம் உலகப் போர், 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம் ஆகிய மூன்று காலங்களும் அதில் குறிக்கப்பெற்றுள்ளன. அதற்கப்பால், பிறை வடிவில் வளைந்து செல்லும் மண்டபமும் அதன்மேற் பொன்னிறக் குமிழ்க் கூரைகளும் உள. நடுவே நீர்ப்பரப்பு, நீரூற்றுகள், வெள்ளீயக் கலவையில் வார்த்த அல்லி மலர்கள். நீருக்கு நடுவே கருங்கற் பீடத்தின்மேல் வெண்கலச் சிற்பத் தொகுதி விண்ணோக்கி நிற்கிறது. அதன் உயரம் 15.54 மீட்டர்.

இச்சின்னம் தோன்றிய வரலாறு கருதத்தக்கது. 1960ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்கா சென்ற பிரதமர் துங்கு அப்துல் ரகுமான், ஆர்லிங்டனில் உள்ள கடற்படை வீரர் நினைவுச் சின்னத்தைக் கண்டார். இவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர் கொடி நாட்டிய காட்சியைப் பெலிக்ஸ் டி வெல்டன் என்னும் சிற்பி வெண்கலத்தில் வடித்திருந்தார். நம் நாட்டிற்கும் ஒன்று வேண்டும் என்று துங்கு அச்சிற்பியையே நாடினார். வெண்கலம் இத்தாலியில் வார்க்கப்பட்டது. பீடத்திற்குரிய கல் சுவீடன் நாட்டிலிருந்து வந்தது. 1966ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் நாள் மாமன்னர் திரங்கானு சுல்தான் இஸ்மாயில் நசிருதீன் ஷா சின்னத்தைத் திறந்து வைத்தார்.

உச்சியில் நிற்கும் வீரன் தேசியக் கொடியை ஏந்துகிறான். ஒருவன் காயமுற்ற தோழனைத் தாங்குகிறான். அடியில் வீழ்ந்து கிடப்போரும் உளர். தலைமை, துன்பம், ஒற்றுமை, விழிப்பு, வலிமை, வீரம், தியாகம் என்னும் ஏழு பண்புகளை இவ்வேழு உருவங்கள் குறிக்கும் என்பர். இப்பட்டியலில் இரண்டாவதாக வரும் சொல்லை மாணவர் கவனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். துன்பம் ஒரு வீரப் பண்பாக எண்ணப்பட்டிருக்கிறது. வெற்றி கொண்டவனை மட்டுமன்றித் துன்புற்றவனையும் நாடு நினைக்க வேண்டும் என்பதற்கு இச்சிற்பமே இடந்தருகிறது.

இச்சின்னமும் துன்பத்திற்குத் தப்பவில்லை. 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் கம்யூனிஸ்டுத் தீவிரவாதிகள் வைத்த வெடியால் சிற்பம் சிதைவுற்றது, 1977இல் செப்பனிடப்பெற்றது. ஆண்டுதோறும் ஜூலை 31ஆம் நாள் வீரர் நாளன்று இங்கே மலர்வளையம் வைத்து வணக்கம் செலுத்துவது நெடுநாள் வழக்கம். மனித உருவச் சிலையின்முன் வணங்குவது இஸ்லாத்திற்கு ஏற்குமா என்ற வினா எழுந்தமையால், 2010ஆம் ஆண்டு முதல் அவ்விழா வேறிடத்திற்கு மாற்றப்பட்டது. ஆக, இத்தோட்டத்தின் பொருள் இன்னும் முடிந்த பொருளன்று. நினைப்பது எவ்வாறு என்ற வினா நாட்டில் உயிரோடு இருக்கிறது. அவ்வினாவிற் பங்கு கொள்ள நமக்கும் உரிமையுண்டு.

நடுகல்லின் ஆறு நிலைகள்

தமிழாசிரியர் ஒருவர் இக்குன்றில் நின்றால் அவர்க்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் இராது. போரில் வீழ்ந்த மறவனுக்குக் கல் நடும் முறையைப் புறத்திணையியல் ஆறு நிலைகளாக வகுக்கிறது. தக்க கல்லைத் தேடிக் காணுதல் முதலாவது, அதனைக் கொள்ளுதல் இரண்டாவது, நீராட்டித் தூய்மை செய்தல் மூன்றாவது, நடுதல் நான்காவது, படையலிட்டுச் சிறப்புச் செய்தல் ஐந்தாவது, வாழ்த்துதல் ஆறாவது. கல்லில் அம்மறவனின் பெயரும் பெருமையும் பொறிக்கப்படும். இது ஏட்டு வழக்கு மட்டுமன்று. 2006ஆம் ஆண்டில் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கண்டெடுக்கப்பட்டன. ஆகோளில், அதாவது ஆநிரை கவர்ந்த பூசலில், உயிர் நீத்த ஒருவனைப் பற்றி அவற்றுள் ஒன்று பேசுகிறது. ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட ஒரு சிற்றூர் மறவனுக்கும் கல் கிடைத்தது, எழுத்தும் கிடைத்தது.

துகு நெகாராவை இம்மரபின் கண்கொண்டு நோக்குக. கல் தேடப்பட்டது, நெடுந்தொலைவினின்று கொணரப்பட்டது, நீர் சூழ நிறுத்தப்பட்டது, மலர்வளையம் படையலாயிற்று, ஊதுகுழல் இசை வாழ்த்தாயிற்று. டி வெல்டன் தொல்காப்பியம் அறிந்தவர் அல்லர். எனினும் மாண்டோரை நினைக்கும் மனித உள்ளம் எங்கும் ஒரே வழியில் நடக்கிறது.

ஆயினும் தமிழ் மரபு ஓரடி மேலும் சென்றது. அதனைக் காட்டுவது சிலப்பதிகாரத்து வஞ்சிக் காண்டம். காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை எனக் காதைகளின் பெயர்களே நடுகல்லின் நிலைகளைப் பின்பற்றி வருகின்றன. ஆனால் அக்கல் யாருக்கு? வாளேந்தி வீழ்ந்த மறவனுக்கன்று. அயலூரில் கணவனை இழந்து, நீதி கேட்டு, நெஞ்சு வெந்து மாண்ட ஒரு பெண்ணுக்கு. கல்லைப் பொதியிலில் எடுத்துக் காவிரியில் நீராட்டலாம், இமயத்தில் எடுத்துக் கங்கையிலும் நீராட்டலாம் என இரு வழிகள் செங்குட்டுவன் அவையில் எடுத்துரைக்கப்பட்டன. அவன் இமயக் கல்லையே விரும்பினான். தோற்ற வேந்தர் கனக விசயரின் முடித்தலைமேல் அக்கல் வந்தது. மறவனுக்கு உரியதாயிருந்த சிறப்பை, அநீதியால் துன்புற்றோர்க்கும் உரியதாக்கிய பெருமை இளங்கோவடிகளுடையது. நடுகல்லின் வரலாற்றில் இஃதொரு பெருந்திருப்பம்.

இத்திருப்பத்தை மனத்திற் கொண்டு, நம் மக்களுள் அநீதியால் மாண்டு கல் பெறாதவர் யாவர் என்று கேட்போமாக.

சயாமுக்குப் போனவர்கள்

1942ஆம் ஆண்டு தொடங்கி, ஜப்பானியப் படை சயாமையும் பர்மாவையும் இணைக்க ஓர் இருப்புப்பாதை அமைத்தது. சயாமின் பான்போங் அருகிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை அதன் நீளம் 415 கிலோமீட்டர். காடும் மலையும் ஆறும் குறுக்கிட்ட அப்பாதை 1943ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் இணைக்கப்பட்டது. மலாயாவின் கிழக்குக்கரைப் பாதையிலிருந்து பெயர்த்தெடுத்த தண்டவாளங்களும் அதற்குப் பயன்பட்டன. நம்மவர் இங்கே இட்ட இரும்பு, நம்மவரைப் புதைக்க அங்கே சென்றது போலும்!

நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேற்பட்டோர் அப்பாதையில் உழைத்தனர். 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் தொகை அதனினும் பன்மடங்கு. பர்மியர், மலாய்க்காரர், சாவகத்தார், சீனர், தமிழர் எனப் பல இனத்தார் அதில் அடங்குவர். மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேருக்கு மேல் கொண்டுசெல்லப்பட்டனர் என மதிப்பிடுவர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். நல்ல கூலி, உணவு, மூன்று திங்களில் திரும்பலாம் என்று ஆசை காட்டினர். ஆசைக்கு ஆள் வராதபோது லயங்களிலும் சாலைகளிலும் பிடித்துச் சென்றனர். சரக்கு வண்டிகளில் அடைபட்டுச் சென்றவர்களை 1943ஆம் ஆண்டின் மழையும் வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் வாரிக்கொண்டன.

இங்கே ஒரு வேறுபாட்டை மாணவர் தெளிவாக உணர்தல் வேண்டும். போர்க்கைதிகளுக்குப் படைப்பிரிவு இருந்தது, அதிகாரி இருந்தார், மருத்துவர் இருந்தார். இறந்தவன் பெயரும் எண்ணும் நாளும் ஒளித்து வைத்த தாள்களிலேனும் எழுதப்பட்டன. போர் முடிந்ததும் கல்லறை தேடும் குழுவினர் பாதை நெடுகச் சென்று புதைகுழிகளைக் கண்டனர். 1917இல் தோன்றிய போர்க்கல்லறை ஆணையம், பதவி வேறுபாடின்றி ஒவ்வொருவர்க்கும் பெயர் பொறித்த தனி நினைவு வேண்டும் என்ற கொள்கையுடையது. அதன் பயனாகக் காஞ்சனபுரியில் இன்று அழகியதொரு கல்லறைத் தோட்டம் உள்ளது. 6,900க்கும் மேற்பட்டோர் அங்கே துயில்கின்றனர். வெட்டிச் சீராக்கிய பசும்புல். கல்தோறும் ஒரு பூஞ்செடி. பலகைதோறும் ஒரு பெயர்.

நம்மவர்க்கோ எழுதுவார் இல்லை. குடும்பமாகச் சென்றவர் குடும்பமாகவே மாண்டனர், எஞ்சியவரும் எழுத்தறியாதார். பிணங்கள் பொதுக்குழியில் இடப்பட்டன, எரியூட்டப்பட்டன. 1990ஆம் ஆண்டு காஞ்சனபுரியருகே ஒரு வயலில் நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் வெளிப்பட்டபோது, அவை ஆசியத் தொழிலாளருடையவை என்று கருதினர். ஒரு பெயரும் அறியப்படவில்லை. அதே நிலத்தில், அதே பாதைக்காக மாண்டோருள் ஒருசாரார்க்குத் தோட்டம், மறுசாரார்க்கு வயல்.

என் குடும்பத்துச் செய்தி ஒன்றையும் ஈண்டுக் கூறுதல் பொருந்தும். கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் பால்வெட்டிய என் தாய்வழிப் பாட்டனார் 1943இல் சயாமுக்குப் போனார். திரும்பவில்லை. போர் முடிந்து வந்தவர்களுள் ஒருவர், அவரை மூங்கிற் கொட்டகையொன்றில் காய்ச்சலோடு பார்த்ததாகச் சொன்னார். எந்த முகாம், எந்தத் திங்கள் என்று சொல்லக் கூடவில்லை. இறந்தார் என்பதற்கு உறுதியில்லை. ஆதலால் பாட்டி பல்லாண்டு தாலியைக் கழற்றவில்லை. இறந்த நாள் தெரியாது. ஆதலால் திதி கொடுக்க வழியில்லை. ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று கிள்ளான் ஆற்றங்கரையில் எள்ளும் நீரும் இறைத்தார். "நாள் தெரியாதவங்களுக்கு இந்த நாள்டா" என்று என்னிடம் சொல்வார். சிறுவனாயிருந்த எனக்கு அச்சொல்லின் பாரம் விளங்கவில்லை. துகு நெகாராவின் நீர்ப்பரப்பருகே நின்றபோதுதான் விளங்கியது. நீர்ப்படை செய்ய நீர் இருந்தது. நடுவதற்குக் கல்தான் இல்லை.

எழுத்தால் நட்ட கல்

இதனால் தேசியச் சின்னத்தைக் குறைகூறுவது நம் கருத்தன்று. படைக்கலம் ஏந்தி நாட்டைக் காத்தோர்க்காக அது எழுப்பப்பட்டது. அவர்களுள் எல்லா இனத்தாரும் உளர். சயாமில் மாண்ட தொழிலாளி போராளியல்லன். ஆதலின் அக்கணக்கில் அவன் அடங்கவில்லை. ஆனால் கண்ணகியும் போராளி அல்லள் என்பதை மறவாதிருப்போம். துன்பம் என்னும் சொல்லை அக்குன்றே ஏற்றுக்கொண்டுள்ளது. அச்சொல்லின் கீழ் யார் யார் அடங்குவர் என்று கேட்பது நாட்டுக்கு மாறான செயலாகாது. நாட்டின் நினைவை நிறைவு செய்யும் செயலே ஆகும்.

கல் கிட்டாத காலத்தில் நம் எழுத்தாளர் எழுத்தால் கல் நட்டனர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993ஆம் ஆண்டிலும், அ. ரெங்கசாமியின் நாவல் 2005ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. ரெங்கசாமி தம் நாவலுக்கு இட்ட பெயர் 'நினைவுச் சின்னம்' என்பது. நாடு எழுப்பாத சின்னத்தை நான் எழுப்பினேன் என்று அப்பெயரே பேசுகிறது எனலாம். 2023ஆம் ஆண்டில், தாய்லாந்திலும் மலேசியாவிலும் வாழும் தமிழரின் முயற்சியால், காஞ்சனபுரியில் ஒரு புத்த விகாரை வளாகத்தில் தமிழர்க்கென நடுகல் ஒன்று எழுந்தது. அதற்கு 'நடுகல்' என்றே பெயரிட்டமை மகிழ்ச்சிக்குரியது. எண்பது ஆண்டுகள் கழித்தேனும் ஒரு கல் நடப்பட்டது.

எனினும் ஆறு நிலைகளும் நிறைவேறினவா? நடுகல்லுக்கு உயிர் தருவது பொறித்த பெயர். எண்ணிக்கையை நினைத்து எவரும் அழுவதில்லை. பெயரை நினைத்தே அழுவர். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் நிற்போரின் கண்ணை நனைப்பது புல்லின் பசுமையன்று. பலகையில் உள்ள பெயரும், இருபத்திரண்டு, இருபத்து நான்கு என்று குறித்த அகவையுமே.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

செங்குட்டுவன் அவையில் எடுத்துரைத்த இரு வழிகளுள் ஒன்று இமயம், மற்றொன்று பொதியில். தேசியச் சின்னம் இமயக் கல். அதனை எழுப்ப அரசும் பொருளும் வேண்டும். அதற்கான வேண்டுகோளைச் சங்கங்கள் தொடர்ந்து விடுக்கட்டும். பொதியிற் கல்லோ அண்மையில் கிடைப்பது. அதனை எடுக்க நம் கைகளே போதும்.

கிள்ளானிலும் அதனைச் சூழ்ந்த வட்டாரத்திலும் தோட்டங்கள் பல வீட்டுமனைகளாயின, தொழிற்பேட்டைகளாயின. லயங்கள் மறைந்தன. ஆனால் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் சில, தோட்டம் போனபின்னும் நிற்கின்றன. அப்பள்ளிகளின் வளாகத்தில் ஒரு சிறு நிலம் ஒதுக்குதல் அரிதன்று. ஓர் இரப்பர்க் கன்று. இரண்டு முழம் தண்டவாளம். ஒரு சிறு நீர்த்தொட்டி. ஆற்றங்கரையில் எடுத்த ஒரு கல். இவையே ஒரு நினைவுத் தோட்டத்திற்குப் போதிய கருப்பொருள்கள். உரிப்பொருள் ஒன்றுதான் மாணவர் தேடித் தர வேண்டும். அதுவே பெயர்.

ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு மூத்தோரிடம் சென்று, "நம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார்?" என்று கேட்கட்டும். பெயர், ஊர், தோட்டம், உடன்சென்றோர் என அறிந்தவற்றைக் குறிப்பேட்டில் எழுதட்டும். அறியாதவற்றுக்கு இடம் விட்டு வைக்கட்டும், அவ்வெற்றிடமும் வரலாறே. நேரில் கண்டவர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். அவர் சொல்லக் கேட்டவர் இன்னும் நம்மிடையே உள்ளனர். இப்போது கேட்கப்படாத பெயர் இனிக் கேட்கப்படாது. வகுப்பறையில் சிலப்பதிகாரம் நடத்தும் ஆசிரியர், நடுகற் காதைக்கு வரும்போது அக்குறிப்பேடுகளையும் எடுத்து வைத்து நடத்துவாராயின், மாணவர்க்கு இலக்கியமும் வரலாறும் ஒருங்கே விளங்கும்.

சென்ற முறை துகு நெகாராவுக்குச் சென்றபோது என் பெயரனையும் அழைத்துச் சென்றேன். வெண்கல வீரர்களை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தவன், "தாத்தா, இதில் நம்முடைய ஆள் யார்?" என்று கேட்டான். உடனே விடை கூற இயலவில்லை. நீர்ப்பரப்பைக் காட்டி, அவன் கொள்ளுப் பாட்டிக்கும் தந்தையானவரின் பெயரைச் சொன்னேன். அவன் அதனை ஒருமுறை திருப்பிச் சொன்னான். வீடு திரும்பியதும் தன் பள்ளிக் குறிப்பேட்டில் எழுதிக் காட்டினான். மூன்று எழுத்துப் பெயர். முதலெழுத்தில் ஒரு பிழை. திருத்திக் கொடுத்தேன். எண்பது ஆண்டுகளாக எங்கும் எழுதப்படாதிருந்த அப்பெயர் எங்கள் வீட்டில் அன்று எழுதப்பட்டது.